விருப்பம் உள்ளோர் கை தூக்கவும்

வருகிற திங்கட்கிழமை முதல் இல்லத்து முதியோர் அனைவருக்கும் விருப்பங்கள் இருக்கும் என்று செயற்குழு ஒருமனதாக முடிவு செய்தது. முதியோரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாமதமாகியிருக்கும்.

சிம்பாங் பூலாயைத் தாண்டி, சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்தபடி இருந்தது செகப்பி ஆச்சி நினைவு முதியோர் இல்லம். ஈப்போவில் இரும்புக் கடை வைத்துப் பெருத்த பெத்தபெருமாள் செட்டியார் தம் தாயாரின் பெயரால் கட்டியது. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் எண்ணெய்ச் செம்பனை நட்ட தோட்டங்களிலிருந்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த கிழவர்களும் கிழவிகளும் அங்கே இருந்தார்கள். இடப்பக்கம் ஆண்கள் கட்டு, வலப்பக்கம் பெண்கள் கட்டு, நடுவே சமையற்கட்டு. ஆச்சியின் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள். அந்தப் பண்பாடு இங்கேயும் காக்கப்படும் என்று ஒரு பளிங்குக் கல்லில் செதுக்கி வாசலில் பதித்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாததால் எதிர்ப்பு எதுவும் வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், முதியோர் நலக் கூட்டுப் பேரவை என்ற ஒன்று கோலாலம்பூரில் முளைத்தது. பணியாளர்களுக்கு 'விருப்பத்தேர்வுப் பயிற்சி' கொடுக்கும் இல்லங்களுக்கு 'முன்மாதிரி இல்லம்' என்று ஒரு பித்தளைத் தகடு வழங்குவதாக அது அறிவித்தது. செட்டியாரின் போட்டியாளரான மரக்கடைக்காரர் ஒருவர் தைப்பிங்கில் நடத்திவந்த இல்லத்துக்குத் தகடு வந்துவிட்டது. முதியோரின் விருப்பத்தைப் பற்றிச் செட்டியார் அன்றிரவே கவலைப்பட ஆரம்பித்தார்.

இந்தச் செய்தி நவமணிக்கு வந்தபோது அவள் ஆண்கள் கட்டில் ஒரு கிழவருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நவமணி, திங்கட்கெழம கிளாஸ். எல்லாரும் வரணும்," என்றார் மேலாளர் முத்தப்பன்.

"என்னா கிளாசுங்க அண்ணே?"

"கெழடுகட்டைங்ககிட்ட என்னா வேணும்னு கேக்கறதுக்கு."

"அத இப்பவே கேக்கலாமே."

"இப்ப கேட்டா அது வெறும் கேள்வி லா. கிளாசுக்கு அப்புறம் கேட்டாத்தான் அது பயிற்சி."

நவமணி அந்த இல்லத்தில் பணிப்பெண். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்கி உட்காரவைப்பது, மெத்தை விரிப்பை அலசுவது எல்லாம் அவள் வேலை. சுங்காய்ப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவள். பாவாடை கட்டிய வயதிலேயே புல் வெட்டப் பெயர் கொடுத்தவள். அவளுக்கு எழுதிக் கொடுத்த வேலைகளில் சேராத ஒரு வேலையும் இருந்தது. தினமும் மதியம் அரை அப்பளம் சுமப்பது.

ஆண்கள் கட்டில் சன்னாசி என்று ஒரு பெரியவர். பெண்கள் கட்டில் வீரம்மா, அவருடைய சம்சாரம். இருவரும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். பக்கத்துப் பக்கத்து நிரை. காலை வெட்டு முடிந்ததும் மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து, அதே மூடியில் பிசைந்து சேர்ந்து தின்றுவிட்டுத்தான் பால் எடுக்கப் போவார்கள். கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற நாள் வரைக்கும் இதுதான் வழக்கம். இல்லத்துக்கு வந்த பிறகு அவர்கள் சேர்ந்து சாப்பிடவே இல்லை. வீரம்மாவுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வயசு என்றார்.

ஒருநாள் சன்னாசி தன் தட்டிலிருந்த அப்பளத்தை ஒடித்து, பாதியை நவமணியிடம் நீட்டினார்.

"அவகிட்ட குடும்மா. நான் ஒடச்சதுன்னு சொல்லு."

கொடுத்தாள். வீரம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைத் தொட்டுக்கொண்டு தட்டு நிறையச் சாப்பிட்டாள். அன்று முதல் தினமும் அரை அப்பளம் சமையற்கட்டைத் தாண்டியது. டாக்டர் மறுபடி வந்து பார்த்துவிட்டு, மருந்து வேலை செய்கிறது என்றார்.

திங்கட்கிழமை பேரவை அனுப்பிய பயிற்றுநர் அர்ச்சுனன் வந்து இறங்கினார். ஈப்போவில் பிறந்து, கோலாலம்பூரில் வளர்ந்து, லண்டனில் சில வாரம் இருந்துவிட்டு வந்தவர். அந்தச் சில வாரம் அவருடைய பேச்சில் மட்டும் இன்னும் முடியவில்லை. ஒரு விளக்குப் பெட்டியை மேசைமேல் வைத்து, கண்ணாடித் தாளில் எழுதியதைச் சுவரில் விழச் செய்தார். சுவரில் ஆச்சியின் படம் இருந்ததால் ஆச்சியின் நெற்றியில் 'சாய்ஸ்' என்று விழுந்தது.

"இன்னையிலேருந்து நீங்க பராமரிப்பாளர்கள் இல்ல," என்றார் அர்ச்சுனன். "நீங்க வாய்ப்பளிப்பாளர்கள்."

சமையல்காரர் ஐயாவு கையைத் தூக்கினார். "அப்ப சமையல் யாரு சார்?"

"நீங்கதான்."

"சரி சார். பேருதான் மாறுதுன்னு சொல்லுங்க."

அடுத்து நடிப்புப் பயிற்சி. நவமணி முதியவள், ஐயாவு பணியாளர். நவமணியைத் தலையில் முக்காடு போட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"பாட்டிம்மா, ஒங்களுக்கு என்னா வேணும்?" என்று கேட்டார் ஐயாவு, கூத்தில் ராசா கேட்பதுபோல.

நவமணி யோசித்தாள். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "வீட்டுக்குப் போவணும்," என்றாள்.

"எந்த வீட்டுக்கு? தோட்டத்தையே வித்துப்புட்டானுங்க லா."

அர்ச்சுனன் கை தட்டி நிறுத்தினார். "பாருங்க, இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. முதியவர் தப்பாச் சொல்லிட்டாங்க. சாய்ஸ்ன்னா மனசுல இருக்கறதச் சொல்றதில்ல. நாம குடுக்கறதுலேருந்து ஒண்ண எடுக்கறது. நீலத் துண்டா, மஞ்சத் துண்டா? கேளுங்க."

"நீலத் துண்டா, மஞ்சத் துண்டா பாட்டி?"

"வீட்டுக்குப் போறப்ப எதுவா இருந்தா என்னா," என்றாள் நவமணி. எல்லோரும் சிரித்தார்கள். முதியவர்களைப் பயிற்றுவிப்பது பணியாளர்களைப் பயிற்றுவிப்பதைவிடக் கடினம் என்று அர்ச்சுனன் விளக்கினார்.

கடைசியில் சந்தேகங்களைக் கேட்கச் சொன்னார். நவமணி எழுந்தாள்.

"சார், இங்க ஒரு தாத்தா இருக்காரு. அவரு சம்சாரமும் இங்கதான். ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிடணும்னு ஆச. அது இல்லாம அந்தம்மாவுக்கு மொதல்ல சோறே எறங்கல. அவுங்கள ஒண்ணா உக்கார வச்சிரலாமா சார்?"

"நல்ல கேள்வி," என்றார் அர்ச்சுனன். நல்ல கேள்வி என்றால் பதில் கிடையாது என்பது நவமணிக்கு அன்றைக்குத் தெரியாது. "சாய்ஸ் ஒரு படிக்கட்டு. மொதப் படி பானம். அதுக்கு மேல துண்டு. அதுக்கு மேல சன்னல். இப்படியே ஏறி, யார்கூட உக்காரணும்ங்கறது உச்சிப்படி. லண்டன்லேயே இன்னும் அங்க ஏறல. நாம அவசரப்படக் கூடாது."

மறுநாள் காலை பானப் படி. ஆண்கள் கட்டில் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து அர்ச்சுனன் நடுவில் நின்றார்.

"தேத்தண்ணி விரும்புறவங்க கை தூக்குங்க!"

எல்லாக் கையும் உயர்ந்தது.

"அருமை! மைலோ விரும்புறவங்க?"

எல்லாக் கையும் உயர்ந்தது. பாரிசவாயு வந்த பத்துமலைக் கிழவர்கூட நல்ல கையால் கெட்ட கையைப் பிடித்துத் தூக்கினார்.

இதில் அவர்கள் பிசகு ஒன்றுமில்லை. தோட்டத்தில் விடியுமுன் தப்பு அடித்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணி குரல் கொடுப்பார். உள்ளங்கை முன்னால் தெரியக் கையைத் தூக்கினவனுக்கு அன்றைக்குப் பேர் விழும். தூக்காதவனுக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் கூலி இல்லை. காய்ச்சலாக இருந்தாலும் தூக்கு, வீட்டில் சாவு என்றாலும் தூக்கு. எந்த மலை, எந்த நிரை, மரமா புல்லா என்பதெல்லாம் பிறகு வேலை பிரிக்கும் மண்டோர் சொல்லுவார். முதலில் கை, எதற்கு என்பது அப்புறம். வாழ்நாள் முழுவதும் இப்படிப் பழகிய கைகள், எதிரே சட்டை மாட்டிய ஒருவர் நின்று சத்தமாக எதையாவது சொன்னால் தாமாக மேலே போய்விடும்.

"சார், கணக்கு ஒதைக்குதே," என்றார் ஐயாவு. "ஆளு ஒண்ணு, வோட்டு ரெண்டு."

"ரெண்டுமே அவங்க விருப்பம். முதியவர் விருப்பத்த மறுக்க நாம யாரு?"

அன்று முதல் தேத்தண்ணியையும் மைலோவையும் ஒரே கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். கிழவர்கள் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள். சப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கையே தின்று கிடந்தவர்கள். இதைவிட மோசமானதை எல்லாம் பார்த்த நாக்கு. துண்டுப் படியிலும் இதே கதைதான். இடது தோளில் நீலமும் வலது தோளில் மஞ்சளுமாக, ஏதோ கூட்டணிக் கட்சியின் மாநாட்டுக்கு வந்தவர்கள்போல எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சன்னலைத் திறக்க வேண்டும் என்று எல்லோரும் விரும்பினார்கள். சாத்த வேண்டும் என்றும் எல்லோரும் விரும்பினார்கள். ஆகவே ஒவ்வொரு சன்னலிலும் ஒரு கதவு திறந்தும் ஒரு கதவு சாத்தியும் வைக்கப்பட்டன. மலைப்பக்கத்து மழை அந்தத் திறந்த கதவு வழியாக வந்து பாதிக் கட்டில்களை நனைத்தது. நவமணி அந்த விரிப்புகளையும் அலசினாள்.

அவள் அர்ச்சுனனிடம் போய்ச் சொன்னாள். "சார், இவுங்க ஆசப்பட்டுத் தூக்கல. பெரட்டுக்குத் தூக்குற மாரி தூக்குறாங்க."

"பெரட்டா? அது என்ன?"

சொன்னாள். அர்ச்சுனன் கண்ணை மூடிக் கேட்டார். ஒருவர் சொல்வதைக் கண்ணை மூடிக் கேட்பதும் அவர் படித்துவந்ததில் ஒன்று.

"இதுதான் பங்கேற்புப் பண்பாடு! எவ்வளவு அழகா வேர் விட்டிருக்கு! இத நாம கலைக்கக் கூடாது," என்றார். பேரவைக்குத் தொலைபேசியில், இங்கே ஆதரவு நூற்றுக்கு இருநூறு என்று தெரிவித்தார். அப்பக்கத்திலும் யாரும் அந்தக் கணக்கைத் திரும்பக் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் அவர் அப்பளத்தைப் பார்த்துவிட்டார்.

நவமணி முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு சமையற்கட்டைக் கடந்துகொண்டிருந்தாள். "என்ன அது?" என்றார். காட்டினாள்.

"யாரோடது?"

"சன்னாசித் தாத்தா குடுத்தாரு சார், அவரு சம்சாரத்துக்கு."

"அந்த அம்மா கேட்டாங்களா?"

"கேக்கல சார். ஆனா இது வந்தாத்தான் சாப்பிடுவாங்க."

அர்ச்சுனனின் முகம் வாடியது. உண்மையாகவே வருத்தப்பட்டார். "நவமணி, நீங்க நல்லவங்க. ஆனா என்ன செய்றீங்க தெரியுமா? ஒருத்தர் சாய்ஸ இன்னொருத்தர் மேல திணிக்கறீங்க. அந்த அம்மா வாழ்நாள் பூரா புருசன் ஒடச்சுக் குடுத்ததத் தின்னவங்க. இப்பவாவது சொந்தமா முடிவு எடுக்கட்டும்." பக்கத்தில் நின்ற முத்தப்பன், தலைவர் செட்டியாரின் முடிவும் அதுதான் என்று செட்டியாரைக் கேட்காமலே சொன்னார். இனிமேல் ஒரு கட்டின் சாப்பாடு இன்னொரு கட்டுக்குப் போகக் கூடாது என்று உத்தரவாயிற்று. முந்தானை இல்லாதபடி நவமணிக்கு நீலச் சட்டை கொடுத்தார்கள், அதுவும் பை இல்லாததாகப் பார்த்து.

பெண்கள் கட்டில் அர்ச்சுனனே வீரம்மாவின் கட்டிலருகே குனிந்து நின்றார்.

"அம்மா, சோறு வேணுமா, கஞ்சி வேணுமா?"

வீரம்மா கையைத் தூக்கினாள்.

"ரெண்டுல எது?"

"அவரு என்னா தின்னாரு?"

"அது இதுல இல்லீங்களே அம்மா. சோறா, கஞ்சியா?"

வீரம்மா வாயை மூடிக்கொண்டாள். நவமணி கரண்டியை நீட்டினாள். வாய் திறக்கவில்லை. கெஞ்சினாள். திறக்கவில்லை. அர்ச்சுனன் நவமணியின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"வேண்டாம்ங்கறதும் ஒரு விருப்பம், நவமணி. அத மதிக்கப் பழகுங்க."

வீரம்மாவின் விருப்பத்தை எல்லோரும் மதித்தார்கள். அவள் நாளுக்கு நாள் மெலிந்தாள். கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. வளையல் முழங்கை வரை ஏறிப் போயிற்று. இல்லத்திலேயே இவ்வளவு உறுதியாக விருப்பம் தெரிவிப்பவர் வேறு யாரும் இல்லை என்று அர்ச்சுனன் மற்றப் பணியாளர்களுக்கு உதாரணம் காட்டினார்.

சன்னாசி ஒடித்துக் கொடுத்த பாதியை முத்தப்பன் தினமும் சமையற்கட்டு வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார். அது தெரியாத சன்னாசி தினமும் சமையற்கட்டுச் சுவரோரம் காத்து நிற்பார்.

"தின்னாளாம்மா?"

"தின்னாங்க தாத்தா," என்பாள் நவமணி.

"அப்பளம்?"

"அதையும்தான்."

ஒருநாள் நவமணி பொறுக்க மாட்டாமல் ஐயாவுவிடம் ஓர் அப்பளம் வாங்கி, தானே பாதியாக ஒடித்து, நீலச் சட்டையின் கைக்குள் செருகிக்கொண்டு போனாள். "அவரு குடுத்தாரு, பாட்டி."

வீரம்மா கையில் வாங்கிப் பார்த்தாள். திரும்பக் கொடுத்துவிட்டாள். "நீ ஒடச்சது."

"எப்படிச் சொல்றீங்க?"

"சரிபாதியா இருக்கு. அந்த மனுசன் எனக்குப் பெருசத்தான் குடுப்பாரு."

நவமணி முத்தப்பனிடம் போனாள். அழுதாள். "அண்ணே, செத்துப்போவாங்க அண்ணே. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு ஒண்ணா உக்கார வைங்க."

முத்தப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. செட்டியாருக்குத் தூரத்து உறவு, அவ்வளவுதான். "சுசா, கஷ்டம் லா நவமணி. வாசல்ல கல்லு இருக்கு, பாத்தீல்ல? கல்லத் தாண்டி நான் என்னா செய்ய? தகடு விழா முடியட்டும். தலைவரு காதுல போடுறேன்."

விழா அந்த ஞாயிற்றுக்கிழமை. பெரிய கூடத்தில் தோரணம் கட்டி, ஒலிபெருக்கி வைத்தார்கள். வேறு இடம் இல்லாததால் ஆண்களையும் பெண்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைக்க வேண்டியதாயிற்று. நடுவே ஒரு கயிறு கட்டி, அதில் செவ்வந்திப் பூவைச் சுற்றிப் பண்பாட்டைக் காத்தார்கள். வீரம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள் நவமணி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் சன்னாசி, இரண்டு தோளிலும் இரண்டு துண்டோடு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எளச்சுப் போயிட்டா," என்றார், யாரிடமும் இல்லாமல்.

பெத்தபெருமாள் செட்டியார் பட்டுச் சட்டையில் எழுந்து பேசினார்.

"எங்க ஆத்தா, ஆயுசு பூராவும் எனக்கு இது வேணும்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. அதான் அவுக பெருமை. எங்க அப்பச்சியும் என்ன வேணும்னு கேட்டதில்ல. அது அவுக பெருமை. நானும் கடையிலயோ வீட்டுலயோ ஒரு மனுசன்கிட்ட உனக்கு என்ன வேணும்னு இந்த நாள் வரைக்கும் கேட்டது கெடையாது. அப்பேர்ப்பட்ட பரம்பரையில வந்த நான், இன்னைக்கு இத்தன பேருக்கு விருப்பம் குடுத்திருக்கேன். வாங்கிக்கிட்டவுக அதப் பத்திரமா வச்சுக்கிடணும். தைப்பிங்குல குடுத்த விருப்பத்தவிட இது தரமானதுன்னு பேரவைக்காரவுகளே சொல்றாக."

பேரவை விருந்தினர்கள் தட்டினார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார்.

அடுத்து செயல்முறை விளக்கம். ஒரு முதியவர் தம் விருப்பத்தைச் சபையில் தெரிவிக்க வேண்டும். அதற்குச் சன்னாசியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், குரல் கணீரென்று இருந்ததால். 'எனக்கு மஞ்சத் துண்டு வேணுங்கய்யா' என்று சொல்ல வேண்டும். நாள் முழுக்கப் பழக்கியிருந்தார்கள். ஆனால் மேடைக்குப் பிடித்துக்கொண்டு போகும்போது நவமணி அவர் காதில் சொன்னாள்: "தாத்தா, துண்ட விடுங்க. மனசுல இருக்கறதச் சொல்லுங்க. எல்லாரும் இருக்காங்க. இன்னைக்கு விட்டா இல்ல."

அர்ச்சுனன் ஒலிபெருக்கியை நீட்டினார். "தாத்தா, உங்க விருப்பம் என்ன?"

சன்னாசி இரண்டு துண்டையும் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"துண்டு வேணாங்கய்யா. வீரம்மாகூட உக்காந்து சோறு திங்கணுங்கய்யா."

பேரவை விருந்தினர்களில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார். செட்டியார் வாசல் பக்கம், கல் இருந்த திசையில் ஒருமுறை பார்த்தார். பத்திரிகைக்காரரையும் பார்த்தார். நவமணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நடந்துவிடும் போலிருந்தது.

அர்ச்சுனன் செட்டியாரின் காதில் ஏதோ சொன்னார். பிறகு ஒலிபெருக்கியில் விளக்கினார்: "மிகச் சிறப்பான விருப்பம். ஆனா இது மத்த முதியவர்கள் சாப்பிடுற நேரத்தையும் எடத்தையும் பாதிக்குது. அவங்க விருப்பத்தையும் கேக்கறதுதான் முறை."

"கேட்டுருவோம்," என்றார் செட்டியார், பாரம் இறங்கினவராக. "சன்னாசியும் வீரம்மாவும் ஒண்ணா உக்காந்து சாப்பிடட்டும்ங்கறவுக, கை தூக்குங்க!"

கூடம் முழுவதும் கைகள். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், எல்லாம். பத்துமலைக் கிழவர் நல்ல கையால் கெட்ட கையைத் தூக்கினார். நவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும் சார்!" என்று கத்தினாள். "அவ்ளோதான் சார்! எல்லாரும் தூக்கிட்டாங்க, நிப்பாட்டுங்க சார்!"

"மறுபக்கமும் கேக்காட்டி அது முறையாகாது, நவமணி," என்றார் அர்ச்சுனன், கனிவாக.

"கூடாதுங்கறவுக, கை தூக்குங்க!"

எல்லாக் கையும் உயர்ந்தது. மேடையில் நின்ற சன்னாசியின் கை, உள்ளங்கை முன்னால் தெரிய, எல்லோருக்கும் மேலே நின்றது. "தாத்தா, எறக்குங்க," என்று நவமணி அதைப் பிடித்து இழுத்தாள். அவர் விடவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம், சக்கர நாற்காலியில், வீரம்மா முழங்கையை இன்னொரு கையால் முட்டுக்கொடுத்து மெல்ல மெல்லத் தன் கையை உயர்த்திக்கொண்டிருந்தாள்.

"சமம்!" என்றார் செட்டியார். "சமம்னா ஏற்கெனவே இருக்கறபடியே இருக்கும்ங்கறது கூட்ட விதி. அது கெடக்கட்டும். அதவிடப் பெரிய விசயம் ஒண்ண நீங்க பாக்கலையா? சன்னாசியே எதுத்துக் கை தூக்கியிருக்காக! அவுக சம்சாரமும் தூக்கியிருக்காக! தன் விருப்பத்தத் தானே திருத்திக்கிடுற பக்குவம் எத்தன பேருக்கு வரும்? இதத்தான் எங்க ஆத்தா..." கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. பித்தளைத் தகடு அவர் கைக்கு வந்தது.

நவமணி சன்னாசியை இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தாள். அவர் முகத்தில் நெடுநாளாக இல்லாத தெளிவு.

"பேரு விழுந்துச்சாம்மா?"

அவள் அவர் இடுப்பிலிருந்த துண்டுகளை அவிழ்த்து மடித்தாள்.

"அவளுக்கும் விழுந்திருக்கும். அவ தூக்குனத நான் பாத்தேன். முடியல அவளுக்கு, ஆனாலும் தூக்கிட்டா. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் பேரு விழுந்துட்டா, மண்டோரு பக்கத்து நெரையிலதான் போடுவாரு. அதான் தோட்டத்து வழக்கம்."

"ஆமா தாத்தா," என்றாள் நவமணி.

செட்டியாருக்கு ஈப்போவில் இன்னொரு விழா இருந்தது. ஆகவே விருந்தும் பணியாளர்களுக்குச் சான்றிதழ் வழங்கலும் ஒரே நேரத்தில் தொடங்கின. ஆண்கள் முதல் பந்தி. பெண்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார்கள். இலையில் சோறு விழுந்தது, சாம்பார், பொரியல், அப்பளம். சன்னாசி அப்பளத்தை எடுத்து ஒடித்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பெரிய பாதியை நவமணியின் கையில் வைத்தார்.

"இன்னைக்கு இதக் குடுத்துரு. நாளைக்கித்தான் ஒண்ணா உக்காந்துருவோமே."

அவள் உத்தரவையெல்லாம் யோசிக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இலைகளுக்கு நடுவே, பூக்கயிற்றை நோக்கி நடந்தாள். மேடையில் அர்ச்சுனன் பணியாளர்களின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார். ஐயாவு போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீரம்மா அவள் வருவதைப் பார்த்துவிட்டாள். இன்னும் நான்கைந்து எட்டுதான்.

"நவமணி!" என்றது ஒலிபெருக்கி.

அவள் கை உயர்ந்துவிட்டது.

உயர்ந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கூடத்துக்கு நடுவில், எல்லோருக்கும் தெரிய, தலைக்கு மேலே, அவள் கையில் அரை அப்பளம். விருந்தினர்கள் சிரித்தார்கள். முத்தப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். அர்ச்சுனன் மட்டும் கோபப்படவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து, அப்பளத்தை இரண்டு விரலால் அவள் கையிலிருந்து எடுத்து, வைக்க இடம் தேடி, கடைசியில் பித்தளைத் தகடு வந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டார். காலியான அந்தக் கையில் சான்றிதழை வைத்தார். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்.

"அங்க பாருங்க!" என்று அர்ச்சுனன் பெண்கள் பக்கம் காட்டினார். "கேக்காமலே ஆதரவு!"

வீரம்மாவின் கை கயிற்றுக்கு மேலே நீண்டிருந்தது. பெரட்டில் உள்ளங்கை முன்னால் பார்க்கும். இந்தக் கை ஏந்தியபடி குழிந்து, கூரையைப் பார்த்திருந்தது.

எல்லோரும் தட்டினார்கள். அவள் இறக்கவில்லை.